செக் எழுதி நீர்மூழ்கி வாங்கிய முதல்வர்

கேள்வி இதுதான்: "முதல் உலகப் போர் தொடங்கியபோது கனடாவில் ஒரு மாகாண முதல்வர், மத்திய அரசின் பதிலுக்குக்கூடக் காத்திராமல் இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களை வாங்கினாராமே, நிஜமா? யார் அந்த ஆள்? நல்லவரா, கெட்டவரா?"

நிஜம்தான். பெயர் ரிச்சர்ட் மெக்பிரைட். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1903 ஜூன் முதல் 1915 டிசம்பர் வரை, பன்னிரண்டரை ஆண்டு முதல்வராக இருந்தவர். அங்கே அவரைவிட நீண்ட காலம் ஆண்டவர் இன்றுவரை டபிள்யூ. ஏ. சி. பென்னெட் ஒருவர்தான். நல்லவரா கெட்டவரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் வேலை செய்த விதத்தை மட்டும் சொல்லிவிடலாம்: முதலில் கையெழுத்து, கணக்கெல்லாம் அப்புறம். நீர்மூழ்கி விஷயத்தில் அது கைகொடுத்தது. ரயில் விஷயத்தில் மாகாணத்தின் கழுத்தில் கடனைக் கட்டியது. நிலம் விஷயத்தில், பேச்சில் சேர்த்துக்கொள்ளப்படாத மக்களின் காலடியிலிருந்து மண்ணைப் பறித்தது.

கப்பல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்குத்தானே வந்தீர்கள்.

1914 ஜூலை கடைசி. ஐரோப்பாவில் போர் வெடிக்கப்போவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கனடாவின் கடற்படை அப்போது நான்கு வயதுக் குழந்தை. மொத்தமே இரண்டு பழைய போர்க்கப்பல்கள். ஒன்று அட்லாண்டிக் கரையில் ஹாலிஃபாக்ஸில், இன்னொன்று பசிபிக் கரையில் எஸ்குவைமால்ட்டில். அந்த இரண்டாவதன் பெயர் 'ரெயின்போ'. ஜெர்மனியின் 'லைப்சிக்', 'நூர்ன்பெர்க்' என்ற இரண்டு போர்க்கப்பல்கள் பசிபிக்கில் எங்கோ சுற்றுகின்றன என்ற பேச்சு, மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் இருந்தவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஒரு கப்பல் கட்டும் நிறுவனம் சிலி நாட்டுக்காக இரண்டு நீர்மூழ்கிகளைக் கட்டி முடித்து வைத்திருந்தது. கப்பல்கள் ஒப்பந்தத்தில் சொன்னபடி இல்லை என்று சிலி பாக்கிப் பணத்தை இழுத்தடித்தது. நிறுவனத்தின் தலைவர் ஜே. வி. பேட்டர்சன் அந்தச் சமயம் விக்டோரியாவுக்கு வந்திருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடும் யூனியன் கிளப்பில் பேச்சோடு பேச்சாக, கப்பல்கள் கைக்கு வரும் என்பதுபோல ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார்.

சிலியோடு பேசிய விலை இரண்டுக்கும் சேர்த்து சுமார் 8,18,000 டாலர். பேட்டர்சன் இவர்களிடம் கேட்டது 11,50,000 டாலர். பேரம் பேசிப் பார்த்தார்கள். மனிதர் இறங்கி வரவில்லை. அவர் ஏன் இறங்க வேண்டும்? பிரிட்டன் போரில் இறங்கிய பிறகு, நடுநிலை நாடான அமெரிக்காவிலிருந்து போர்க்கப்பலை வெளியே எடுக்க முடியாது. மணி ஓடிக்கொண்டிருந்தது, அது அவருக்கும் தெரியும். மத்திய அரசு இருக்கும் ஓட்டாவாவுக்குத் தந்திகள் பறந்தன. மத்திய அமைச்சர் மார்ட்டின் பரல் தற்செயலாக விக்டோரியாவில் இருந்தார், அவர் தலையாட்டினார். ஆனால் அதிகாரபூர்வமான பதில் வரவில்லை. மெக்பிரைட் காத்திருக்கவில்லை. மாகாணக் கஜானாவிலிருந்து 11,50,000 டாலருக்கு ஒரு செக். கனடியக் கடற்படைக்கு அதற்கு முந்தைய நிதியாண்டு முழுவதற்கும் ஒதுக்கியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அந்தத் தொகை.

ஆகஸ்ட் 4, இரவு பத்து மணி வாக்கில், துறைமுக அனுமதி எதுவும் வாங்காமல், சத்தம் வராமலிருக்க மின்மோட்டாரை மட்டும் ஓட்டிக்கொண்டு இரண்டு நீர்மூழ்கிகளும் சியாட்டிலை விட்டு நழுவின. விடிந்ததும் விக்டோரியாவுக்கு வெளியே டிரையல் தீவுக்குப் பக்கத்தில் 'சால்வர்' என்ற கப்பல் காத்திருந்தது. முன்னாள் பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதிகாரி பெர்ட்ரம் ஜோன்ஸ் உள்ளே இறங்கி சில மணி நேரம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சரி என்றார். நடுக்கடலில் செக் கைமாறியது, கொடி ஏறியது.

அடுத்தது ஒரு கூத்து. இப்படி இரண்டு கப்பல்கள் வரப்போகின்றன என்று கரையிலிருந்த பீரங்கிப் படைக்கு யாருமே சொல்லவில்லை! எஸ்குவைமால்ட் வாசலில் காவலுக்கு நின்ற 'மலஸ்பினா' என்ற கப்பல் இவற்றைப் பார்த்ததும், ஜெர்மன்காரன் வந்துவிட்டான் என்று சங்கை ஊதிக்கொண்டு துறைமுகத்துக்குள் ஓடியது. நல்ல வேளை, பீரங்கிக்காரர்கள் சுடுவதற்கு முன் கப்பல்துறைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். இல்லாவிட்டால் பதினொன்றரை லட்சம் டாலர் வாங்கிய அன்றே தண்ணீருக்கடியில் போயிருக்கும், திரும்பி வராமல். அது மட்டுமா, கப்பல் வந்த பிறகுதான் உறைத்தது: டார்பிடோ ஒன்றுகூடக் கையில் இல்லை. நாட்டின் மறுகோடியான ஹாலிஃபாக்ஸிலிருந்து ரயிலில் வரவழைத்தார்கள்.

ஆகஸ்ட் 7 அன்று மத்திய அரசு கப்பல்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சிசி-1, சிசி-2 என்று பெயர் வைத்தார்கள். ஆக மூன்று நாள் ஒரு மாகாணத்துக்குச் சொந்தமாக நீர்மூழ்கிப் படை இருந்தது. பிறகு லிபரல் கட்சியின் வில்லியம் பக்ஸ்லி நாடாளுமன்றத்தில் இந்தக் கொள்முதலைக் கிளப்ப, சர் சார்லஸ் டேவிட்சன் தலைமையிலான விசாரணை ஆணையம் தோண்டித் துருவியது. பேட்டர்சனுக்குக் கமிஷனாக 40,000 டாலர் போயிருந்தது தெரியவந்தது. மெக்பிரைட் பக்கம் ஒரு காசுகூடப் போகவில்லை என்று ஆணையம் சொல்லிவிட்டது. அந்த நீர்மூழ்கிகள் போர் முடியும்வரை எதிரியின் மேல் ஒரு டார்பிடோகூட விடவில்லை. ஜெர்மன் கப்பல்களும் அந்தக் கரைப்பக்கம் வரவேயில்லை. நீர்மூழ்கி இருக்கிற செய்தி கேட்டுத்தான் வரவில்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். எதிரியை விரட்டியதோ இல்லையோ, விக்டோரியாக்காரர்களைத் தூங்க வைத்தது என்னவோ உண்மை.

சரி, இப்படிக் கையெழுத்துப் போடும் துணிச்சல் இந்த ஆளுக்கு எங்கிருந்து வந்தது?

1870 டிசம்பர் 15 அன்று நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தவர். அப்போது பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவில் சேர்ந்திருக்கவே இல்லை. ஏழு மாதம் கழித்து, 1871 ஜூலையில்தான் சேர்ந்தது. அப்பா அயர்லாந்துக்காரர், ஊர்ச் சிறைச்சாலையின் அதிகாரி. மகன் கனடாவின் கிழக்குக் கோடியான டல்ஹவுசிக்குப் போய்ச் சட்டம் படித்து 1890-ல் பட்டம் வாங்கி, 1892-ல் வழக்கறிஞரானார். 1896 மத்தியத் தேர்தலில் நின்று தோற்றார். 1898-ல் ட்யூட்னி தொகுதியில் ஜெயித்து மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1900-ல் சுரங்கத்துறை அமைச்சர்; மறு ஆண்டே முதல்வர் டன்ஸ்மியூரோடு ஒத்துப்போகாமல் ராஜினாமா.

அந்தக் காலத்தில் அங்கே மாகாண அரசியலில் கட்சியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கொரு கோஷ்டி, காலையில் இந்தப் பக்கம், மாலையில் அந்தப் பக்கம். 1898-க்கும் 1903-க்கும் நடுவில் செம்லின், மார்ட்டின், டன்ஸ்மியூர், பிரையர் என்று நான்கு முதல்வர்கள் வந்து போனார்கள். கடைசி ஆளான பிரையர், அரசின் பால வேலைக்கான கம்பிவட ஒப்பந்தத்தைத் தன் சொந்தக் கடைக்கே கொடுத்து மாட்டிக்கொண்டார். துணைநிலை ஆளுநர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 1903 ஜூன் 1 அன்று மெக்பிரைட்டைக் கூப்பிட்டார். வயது 32. அந்த மண்ணிலேயே பிறந்து முதல்வரான முதல் ஆள். உயரமான உருவம், சீக்கிரமே நரைத்த அடர்ந்த தலைமுடி, பார்த்தவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கும் பழக்கம். 'அழகன் டிக்' என்று செல்லப் பெயரே உண்டு.

வந்ததும் அவர் செய்த பெரிய வேலை, இனி இது கன்சர்வேட்டிவ் கட்சி அரசு என்று பகிரங்கமாக அறிவித்தது. அக்டோபர் தேர்தலில் 42 இடங்களில் 22 கிடைத்தது. இவ்வளவு மெல்லிய பெரும்பான்மையில் ஓட்ட முடியாது. ஆகவே வான்கூவர் தீவின் சுரங்கத் தொகுதிகளிலிருந்து வந்த இரண்டு சோசலிஸ்ட் உறுப்பினர்களின் தயவில் ஆட்சி ஓடியது. அதற்குக் கைம்மாறாகச் சில தொழிலாளர் சட்டங்களும் நிறைவேறின. கன்சர்வேட்டிவ் முதல்வரைத் தாங்கிப் பிடித்தது சோசலிஸ்ட்கள். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

கஜானா காலி. நிதியமைச்சர் டாட்லோ வரியை ஏற்றி, செலவை வெட்டி நிமிர்த்தினார். அப்புறம் 1905-ல் மரம் வெட்டும் உரிமங்களைக் கைமாற்றி விற்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். காடு முழுக்க ஊகவணிகர்கள் பாய்ந்தார்கள், பணம் கொட்டியது. 1901-ல் 1,78,000 ஆக இருந்த மக்கள்தொகை 1911-ல் 3,92,000 ஆனது. இப்படி வளரும் இடத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் நாளை யாராவது வந்து கட்டிவிடுவார்கள் என்று தோன்றத்தான் செய்யும்.

ஓட்டாவாவோடு அவர் போட்ட சண்டை இன்னொரு சுவையான கதை. மலையும் காடுமான மாகாணம், நிர்வாகச் செலவு அதிகம், ஆகவே மத்திய அரசு கூடுதல் பணம் தர வேண்டும் என்பது கோரிக்கை. 1906 மாநாட்டில் பிரதமர் லாரியே பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்றார். போதாது என்று மெக்பிரைட் எழுந்து வெளியே போய்விட்டார். 1907 பிப்ரவரியில் இதையே வைத்துத் தேர்தலைச் சந்தித்து 26 இடம் பிடித்தார். பிறகு நேராக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே குடியேற்ற நாடுகளின் துறையில் துணை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில், இருவருக்கும் ஒத்துப்போனது. இந்தத் தொகை 'இறுதியானது, மாற்ற முடியாதது' என்ற சொற்கள் சட்டத்தில் ஏறாமல் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஒரு டாலர்கூடக் கூடுதலாக வரவில்லை. ஆனால் வரவேற்பு என்னவோ வெற்றிவீரனுக்குரியது.

இனி ரயில். ஒருவர் வாங்கும் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நம் எல்லோர் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். மெக்பிரைட் அதை மாகாண அளவில் செய்தார். 1909-ல் மெக்கன்சி, மான் என்ற இரு தொழிலதிபர்களின் கனடியன் நார்தர்ன் ரயில் நிறுவனம், ராக்கி மலையைத் தாண்டி வான்கூவருக்குத் தண்டவாளம் போட முன்வந்தது. மைலுக்கு 35,000 டாலர் என்ற கணக்கில் அவர்களுடைய கடன் பத்திரங்களுக்கு மாகாணம் உத்தரவாதம் கொடுத்தது. கஜானாவை நிமிர்த்திய அதே டாட்லோ, இது ஆகாது என்று பதவியை விட்டு விலகினார். இன்னொரு அமைச்சர் ஃபுல்டனும் விலகினார். மெக்பிரைட் அசரவில்லை. தேர்தல் வைத்தார், 42-ல் 38 இடம். 1912-ல் மறுபடி, இந்தத் தடவை பசிபிக் கிரேட் ஈஸ்டர்ன் என்ற இன்னொரு ரயிலுக்கும் ஜாமீனோடு, 39 இடம். லிபரல் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. அதே ஆண்டு 'சர்' பட்டமும் வந்தது.

கணக்குத் தெரிந்த ஆள் வெளியே போனதுதான் அவருடைய வீழ்ச்சியின் தொடக்கம் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு 'வேண்டாம்' என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. 1913-ல் நிலபுலன் விலைகள் சரிந்தன. 1914-ல் போர் வந்து லண்டன் கடன் சந்தை மூடிக்கொண்டது. பசிபிக் கிரேட் ஈஸ்டர்ன் பாதி வழியில் நின்றது. 1918-ல் மாகாணமே அதை ஏற்க வேண்டியதாயிற்று. பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊருக்குப் போகவென்று தொடங்கிய அந்த ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது 1952-ல். ஆங்கிலத்தில் அந்த நிறுவனத்தின் மூன்று முதலெழுத்துகளுக்கும் 'எப்போதாவது ஒரு நாள் பிரின்ஸ் ஜார்ஜ்' என்று ஊர்க்காரர்கள் விரிவு வைத்திருந்தார்கள்.

பணக் கணக்கோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கனடியன் நார்தர்ன் தண்டவாளத்துக்காக ஃப்ரேசர் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் வெடி வைத்துப் பாறையை ஆற்றிலேயே தள்ளினார்கள். ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் ஆறு ஒரு சந்துபோலத்தான் ஓடும். 1913 கோடையில், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய சாக்கை சால்மன் கூட்டம் முட்டையிட மேலே ஏறி வந்து, அங்கே நீரின் வேகத்தில் முட்டிமுட்டிச் செத்தது. 1914 பிப்ரவரியில் ஒரு பெரும் சரிவு வந்து மிச்ச வழியையும் அடைத்தது. அந்த மீனை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் கூடைகளில் மீனைச் சுமந்துபோய் அடைப்புக்கு மேலே விட்டார்கள். எத்தனை சுமக்க முடியும்? 1917-ல் வர வேண்டிய அடுத்த பெரிய கூட்டம் வெகுவாகச் சுருங்கிப்போயிருந்தது. மீன் ஏறிப்போகப் படிவழி கட்டியது 1940-களின் நடுவில்தான்.

பூர்வகுடிகள் என்றதும் அடுத்த கையெழுத்துக்கு வருகிறேன். 1912 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதிநிதி மெக்கென்னாவும் மெக்பிரைட்டும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலங்களை ஓர் ஆணையம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, கூட்டவோ குறைக்கவோ பரிந்துரைக்கும். இந்த மண்ணே யாருடையது என்ற அடிப்படைக் கேள்வி மட்டும் அதன் வரம்புக்குள் வராது. 1916-ல் வந்த அறிக்கை சுமார் 47,000 ஏக்கரை வெட்டி, சுமார் 87,000 ஏக்கரைச் சேர்த்தது. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெட்டியது ஊரோரத்து விலைமதிப்புள்ள நிலம். சேர்த்ததில் பெரும்பகுதி அந்த மதிப்பில் பாதிக்கும் வராது. சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டோம் என்று முதலில் சொன்னதை 1920 சட்டம் தூக்கி எறிந்தது.

இதைவிடக் கொடியது 1913 ஏப்ரலில் வான்கூவரில் நடந்தது. நகரத்துக்கு நேர் எதிரே செனாக் என்ற ஸ்குவாமிஷ் மக்களின் கிராமம். வெள்ளையர்கள் அதைக் கிட்சிலானோ என்றார்கள். ஒதுக்கீட்டு நிலத்தை மத்திய அரசு வழியாகத்தான் கைமாற்ற முடியும் என்பது சட்டம். மெக்பிரைட் அரசு, அட்டர்னி ஜெனரல் பவுசர் முன்னின்று நடத்த, குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 11,250 டாலர் என்று பேசி முடித்தது. குடும்பங்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்த நிலத்தில் ஒரு துண்டு, பல பத்தாண்டு வழக்குக்குப் பிறகு, இந்த நூற்றாண்டில் ஸ்குவாமிஷ் மக்களுக்குத் திரும்பக் கிடைத்து, இப்போது அங்கே அவர்களே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசியர்கள் விஷயத்திலும் அவர் அரசு தெளிவாக ஒரே பக்கம்தான். ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவன் உள்ளே வரக் கூடாது என்ற சட்டத்தை மாகாணம் திரும்பத் திரும்ப நிறைவேற்ற, மேலேயிருந்து அதைத் திரும்பத் திரும்பத் தடுத்தார்கள். 1907-ல் இன்னொரு வேலை நடந்தது: 'இந்துக்களுக்கு' மாகாணத் தேர்தலில் ஓட்டு இல்லை என்று திருத்தம். சட்டத்தின் கண்ணில் 'இந்து' என்றால் ஆங்கிலோ-சாக்சன் பெற்றோருக்குப் பிறக்காத இந்தியர் எவரும். சீக்கியரும் இந்து, முஸ்லிமும் இந்து. அன்றைக்கு ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் அங்கே போயிருந்தாலும் இந்துதான். அந்தத் தடை நீங்கியது 1947-ல். 1914 மே மாதம் 376 பயணிகளோடு வான்கூவர் வந்த கோமகாதா மாரு கப்பலை இரண்டு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்களே, அது குடியேற்றம் சம்பந்தமானதால் மத்திய அரசின் முடிவு. ஆனால் மெக்பிரைட்டும் இறங்கவிடக் கூடாது என்று வெளிப்படையாகவே பேசினார். ஜூலை 23 அன்று அந்தக் கப்பலைக் கடலுக்கு விரட்டிக்கொண்டு போனது எது தெரியுமா? மேலே சொன்ன அதே 'ரெயின்போ'. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரையைக் காக்க அது ஒன்று போதாது என்று நீர்மூழ்கி வாங்கினார்கள்.

அவர் காலத்தில் நல்லதே நடக்கவில்லையா என்றால், நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 1908-ல் வந்து, 1915-ல் வகுப்புகள் தொடங்கின. மாகாணத்தின் முதல் பூங்காவான ஸ்ட்ராத்கோனா 1911-ல். காடுகளை முறைப்படுத்தும் சட்டம் 1912-ல். பெண்கள் ஓட்டுரிமை கேட்டு வந்தபோது மட்டும் கையெழுத்துப் போட அவருக்குப் பேனா கிடைக்கவில்லை. அது 1917-ல் அடுத்த கட்சியின் ஆட்சியில் வந்தது.

1915 வாக்கில் உடம்பும் கெட்டிருந்தது, கட்சியிலும் முணுமுணுப்பு. டிசம்பர் 15, தன் 45-வது பிறந்தநாளன்று ராஜினாமா செய்துவிட்டு, மாகாணத்தின் பிரதிநிதியாக லண்டன் போனார். முதல்வர் நாற்காலி பவுசருக்கு. ரயில் கடனும் அவர் தலையில். அடுத்த செப்டம்பரில் மக்கள் பவுசரை விரட்டிவிட்டார்கள். ஒன்பது மாதம் முன்பே எழுந்துவிட்ட மெக்பிரைட் கடைசிவரை ஒரு மாகாணத் தேர்தலிலும் தோற்காதவராகவே போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் சிறுநீரக நோய் முற்றி, கண்பார்வையும் போனது. ஊருக்குத் திரும்பவிருந்த நேரத்தில், 1917 ஆகஸ்ட் 6 அன்று அங்கேயே இறந்தார். வயது 46. மனைவியும் ஆறு மகள்களும் இருந்தார்கள். சொத்தென்று பெரிதாக ஏதுமில்லை. கோடிக்கணக்கில் ஜாமீன் போட்டவர் தனக்கென்று சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடக்கம் விக்டோரியாவின் ராஸ் பே கல்லறையில்.

அவர் செக் எழுதி வாங்கிய இரண்டு நீர்மூழ்கிகளும் அந்த ஜூன் மாதம்தான் எஸ்குவைமால்ட்டை விட்டுக் கிளம்பியிருந்தன, பனாமா கால்வாய் வழியாகப் போருக்குப் போவதாக. அவர் இறந்த அன்று அவை பாதி வழியில் இருந்தன. இயந்திரங்கள் ஓயாமல் பழுதாகி, அக்டோபரில் ஒருவழியாக ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தபோது, இவற்றை வைத்து அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது என்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.